“பவளப்பாறை பழையபடி வளர்ந்துவிட்டதாமே?” – அடுக்ககக் குழுவில் வந்த செய்திக்கு என்ன பதில் சொல்வது?

வேளச்சேரிவாசி | சனி, இரவு 10:12

எங்கள் அடுக்ககத்து வாட்ஸ்அப் குழுவில் தண்ணீர் லாரி, லிஃப்ட், குப்பை வண்டி தவிர வேறு எதுவும் பேசக்கூடாது என்று விதி. அதையும் மீறி மூன்றாவது மாடி மாமா இன்று காலை ஒரு செய்தியைத் தள்ளிவிட்டார். சாரம் இதுதான்: ஆஸ்திரேலியாவின் கிரேட் பேரியர் ரீஃப் என்கிற பவளப்பாறைத் தொடரில் பவளம் 36 வருஷத்தில் இல்லாத அளவு வளர்ந்திருக்கிறது, பூமி சூடாகிறது என்பதெல்லாம் நிதி வாங்கச் சொல்லும் கதை, இதை எந்தத் தொலைக்காட்சியும் காட்டாது, பத்து பேருக்கு அனுப்பவும்.

வழக்கம்போலப் பொய்யாக இருக்கும் என்று நினைத்துத் தேடினேன். அங்கேதான் மாட்டிக்கொண்டேன். எண் உண்மை. ஆஸ்திரேலியக் கடல் அறிவியல் கழகமே 2022 அறிக்கையில் சொல்லியிருக்கிறது: வடக்குப் பகுதியில் பவளப் பரப்பு 36 சதவீதம், நடுப்பகுதியில் 33 சதவீதம், கணக்கெடுப்பு தொடங்கிய காலத்திலிருந்து அதுதான் அதிகம்.

நான் கணக்குப் பிரிவில் வேலை பார்ப்பவன், கடல் பற்றி ஒன்றும் தெரியாது. போன வருஷம் பிள்ளைகளோடு ராமேஸ்வரம் போனபோது குருசடைத் தீவுக்குப் போனோம். பழுப்பும் சாம்பலுமாகக் காலிஃப்ளவர் மாதிரி ஏதோ தெரிந்தது. “நகைக்கடையில் பவளம் சிவப்பா இருக்குமே, இது என்னப்பா?” என்று பையன் கேட்டான். அதற்கே எனக்குப் பதில் தெரியவில்லை. மாமாவுக்கு என்ன சொல்வது?

சும்மாபார்ப்பவன் | சனி, இரவு 10:31

குழுவை விட்டு வெளியே வந்துவிடுங்கள். தண்ணீர் லாரி வந்தால் சத்தமே கேட்கும்.

கடல்குதிரை | சனி, இரவு 11:50

முதலில் பையனுக்குப் பதில். நகைக்கடைப் பவளம் வேறு சாதி. அது மத்தியதரைக் கடலில் ஆழத்தில் வளர்கிற சிவப்புப் பவளம், பாறை கட்டாது. நீங்கள் பார்த்தது பாறை கட்டுகிற பவளம். பழுப்பாக இருந்ததா? நல்ல சேதி. அந்தப் பழுப்பு பவளத்தின் தோலுக்குள் குடியிருக்கிற நுண்பாசியின் நிறம். பவளத்துக்குச் சாப்பாட்டில் பெரும்பங்கு அந்தப் பாசி சமைத்துப் போடுவதுதான். தண்ணீர் சூடேறி நின்றால் பவளம் அந்தப் பாசியை வெளியே தள்ளிவிடும். உடனே உள்ளே இருக்கிற சுண்ணாம்பு எலும்பு தெரியும், வெள்ளை வெளேர் என்று. அதைத்தான் வெளுத்தல் என்கிறோம். வெளுத்தது செத்தது அல்ல, பட்டினி கிடக்கிறது. சில வாரத்தில் சூடு தணிந்தால் பாசி திரும்பி வரும், பவளம் பிழைக்கும். தணியாவிட்டால் செத்து, மேலே வேறு பாசி ஏறி, அப்புறம் சல்லியாக நொறுங்கும். நீங்கள் பார்த்த சாம்பல் நிறம் அனேகமாக அதுதான்.

இப்போது மாமாவின் எண். நான் சில வருஷம் தூத்துக்குடியில் ஆய்வு உதவியாளராக இருந்தவன் (இப்போது தரமணியில் ஏசி அறைக்குள் எக்செல் தட்டிக்கொண்டிருக்கிறேன், அது வேறு சோகம்). ஆஸ்திரேலியாவில் இந்தச் சதவீதத்தை எப்படி எடுக்கிறார்கள் தெரியுமா? படகின் பின்னால் கயிறு கட்டி ஒரு பலகை. அதைப் பிடித்துக்கொண்டு ஒரு ஆள் நீர்மட்டத்தில் குப்புற இழுபட்டுப் போவார். 2 நிமிஷத்துக்கு ஒரு தடவை படகு நிற்கும். கீழே எத்தனை பங்கு உயிருள்ள கடினப் பவளம் என்று கண்ணால் மதிப்பிட்டுக் குறித்துக்கொள்வார். அவ்வளவு பெரிய பரப்புக்கு இதைவிட நல்ல வழி கிடையாது, குறை சொல்லவில்லை. ஆனால் அந்தச் சதவீதத்தில் எந்தப் பவளம், எத்தனை வயது, எத்தனை வகை என்பது வராது.

2022-ல் பரப்பைத் தூக்கிவிட்டது பெரும்பாலும் மான்கொம்பு மாதிரிக் கிளைவிடுகிற அக்ரோபோரா. அது வருஷத்துக்குப் பத்து சென்டிமீட்டர்கூட வளரும். உருண்டையாக இருக்கிற போரைட்டஸ் வருஷத்துக்கு ஒரு சென்டிமீட்டர் வளர்ந்தாலே அதிகம். 2018-ல் கஜா அடித்த பிறகு பட்டுக்கோட்டைப் பக்கம் போயிருந்தால் புரியும். விழுந்த தென்னந்தோப்பில் வாழை வைத்தவருக்கு அடுத்த வருஷமே தோட்டம் பச்சை. மேலேயிருந்து படம் எடுத்தால் ‘பசுமை மீண்டது’ என்று எழுதலாம். தென்னை வைத்தவரைக் கேளுங்கள். இன்னொன்று, அடுத்த காற்றுக்கு முதலில் சாய்வதும் வாழைதான். அக்ரோபோராவும் அப்படியே. சூட்டுக்கும் புயலுக்கும் முதல் பலி அதுதான்.

சாய்ந்தும் விட்டது. 2024 கோடையில் பெரிய வெளுப்பு, கூடவே புயல்கள், வெள்ளம், பவளம் தின்னும் முள்நட்சத்திர மீன். அதே கழகத்தின் 2025 அறிக்கையில் வடக்கே 39.8-லிருந்து 30 சதவீதம், தெற்கே 38.9-லிருந்து 26.9 சதவீதம். இந்த இரண்டு பகுதியிலும் ஒரே வருஷத்தில் இவ்வளவு சரிவு 39 வருஷக் கணக்கில் கிடையாது. மாமாவின் எண்ணில் பொய் இல்லை. தேதி மட்டும் இல்லை.

ரிட்டயர்டு_என்ஜினியர் | ஞாயிறு, காலை 6:05

அந்த மாமா நானில்லை. ஆனால் அவர் பக்கம் நின்று நாலு வார்த்தை பேச யாராவது வேண்டும். 35 வருஷம் கொதிகலன்களோடு வாழ்ந்தவன், எண் என்றால் எனக்கும் கொஞ்சம் தெரியும்.

முதல் விஷயம். பரப்பு குறைந்தால் ‘பார், அழிகிறது’. கூடினால் ‘அது சரியான பரப்பு இல்லை, வாழை’. இப்படி இரண்டு பக்கமும் ஜெயிக்கிற நாணயத்தை எனக்கும் ஒன்று கொடுங்கள்.

அப்புறம், காலநிலை எப்போதுதான் மாறாமல் இருந்தது? அரியலூரே கடலாக இருந்த ஊர். டால்மியாபுரம் சுண்ணாம்புக்கல்லில் பவளப் படிவம் இருக்கிறது, நானே சுரங்கத்தில் கையில் எடுத்துப் பார்த்திருக்கிறேன். அப்போது எந்த அனல்மின் நிலையம் இருந்தது? பாரசீக வளைகுடாவில் கோடையில் 35 டிகிரித் தண்ணீரில் பவளம் சுகமாக இருக்கிறது. நம்முடையது மட்டும் 31-க்கே மயங்குவானேன்?

அடுத்தது நம் ஊர்ப் பழக்கம். ஏரிக்குள் வீடு கட்டுவோம். 2015 டிசம்பரில் கழுத்தளவு தண்ணீர் வந்ததும் ‘காலநிலை மாற்றம்’ என்போம். வேளச்சேரிவாசி கோபித்துக்கொள்ள வேண்டாம். ஆக்கிரமித்தவன், திறந்துவிட்டவன் எல்லோரும் அந்தக் குடைக்குள் ஒதுங்கிக்கொள்வான்.

கடைசியாக, ஆஸ்திரேலியாவில் பீட்டர் ரிட் என்ற பேராசிரியர் பவள ஆய்வுகளின் தரத்தைக் கேள்வி கேட்டார். 2018-ல் ஜேம்ஸ் குக் பல்கலைக்கழகம் வேலையை விட்டே தூக்கிவிட்டது. கேள்வி கேட்டால் வேலை போகும் என்றால் அது அறிவியலா, மடமா?

வேளச்சேரிவாசி | ஞாயிறு, காலை 7:20

கோபமில்லை சார். தண்ணீர் வந்தபோது நான் வாடகைக்குத்தான் இருந்தேன். இப்போது சொந்த வீடு, அதே தெரு. நம் புத்தி அப்படி.

கடல்குதிரை | ஞாயிறு, காலை 9:15

சார், நல்ல கேள்விகள். வரிசையாக வராது, எனக்கு எது முக்கியமோ அதிலிருந்து தொடங்குகிறேன்.

நீங்கள் கொதிகலன் ஆள், அதனால் சூட்டிலேயே தொடங்கலாம். குழாய் ஒரு நிமிஷம் சூடேறுவது வேறு, அதே சூட்டில் நாள்கணக்கில் நிற்பது வேறு இல்லையா? பவளத்துக்கும் அதே கணக்குதான். அந்தந்த இடத்தில் வழக்கமாகக் கோடை மாதத்தில் இருக்கிற உச்ச சராசரியைவிட 1 டிகிரி கூடுதலாக 4 வாரம் நின்றால் வெளுக்கத் தொடங்கும். 8 வாரத்தைத் தொட்டால் கும்பலாகச் சாகும். இந்தக் கணக்கை அமெரிக்க அரசின் கடல், வளிமண்டல ஆய்வு அமைப்பான நோவா, செயற்கைக்கோள் வழியாக உலகம் முழுக்கப் போடுகிறது. 35 டிகிரி, 31 டிகிரி என்ற எண்ணை மட்டும் வைத்து ஒப்பிட முடியாது, அவரவர் பழகிய சூடு என்ன என்பதுதான் கணக்கு. பாரசீக வளைகுடாப் பவளம் அந்தச் சூட்டுக்குப் பழகச் சில ஆயிரம் வருஷம் எடுத்துக்கொண்டது. அதற்கும் எல்லை உண்டு, 2017-ல் அங்கேயும் வெளுத்துக் கொத்துக்கொத்தாகச் செத்தது.

அரியலூருக்கும் அதே பதில், வேகம். அந்தக் கடல் வந்து போனது லட்சக்கணக்கான வருஷக் கதை. 1958-ல் ஹவாயின் மௌனா லோவா மலையில் அளக்கத் தொடங்கியபோது காற்றில் கரியமில வாயு பத்து லட்சத்தில் 315 பங்கு. இப்போது 420-ஐத் தாண்டிவிட்டது. ஒரு மனுஷ ஆயுசுக்குள். அந்த அரியலூர்க் கல்லைத்தான் சிமென்ட்டுக்காகச் சூளையில் சுட்டு, கடல் அடைத்து வைத்திருந்த வாயுவை நாம் திரும்ப அவிழ்த்துவிடுகிறோம்.

‘அது நாம் விட்டதுதான் என்று எப்படித் தெரியும்’ என்று அடுத்துக் கேட்பீர்கள், அதனால் இப்போதே சொல்லிவிடுகிறேன். பெரிய உருண்டைப் பவளத்தில் துளைபோட்டு உருளை எடுத்தால், மரத்தில் இருப்பதுபோல வருஷ வளையம் இருக்கும். ஒவ்வொரு வளையத்திலும் இருக்கிற கரியைச் சோதிக்கலாம். நிலக்கரியும் பெட்ரோலும் பழைய தாவரங்களிலிருந்து வந்தவை, அவற்றில் கார்பன்-13 என்ற கனமான வகை குறைவு. பவளத்தின் அண்மைக்கால வளையங்களில் அந்த கார்பன்-13 விகிதம் இறங்கிக்கொண்டே வருகிறது. எரிமலையிலிருந்து வந்திருந்தால் அப்படி இறங்காது. பவளம் தன் எலும்பிலேயே ரசீது எழுதி வைத்திருக்கிறது.

ரிட் விஷயத்தில் பாதி உங்களோடு ஒத்துப்போகிறேன். 2021-ல் ஆஸ்திரேலிய உச்ச மன்றம் வேலைநீக்கம் செல்லும் என்றது. ஆனால் சக ஆய்வாளர்களின் வேலையை விமர்சிக்கும் சுதந்திரம் அவருக்கு இருந்தது என்பதையும் அதே தீர்ப்பு ஒப்புக்கொண்டது. பல்கலைக்கழகம் அதை நிதானமாகக் கையாண்டிருக்கலாம். அதனால் தண்ணீர் குளிர்ந்துவிடாது, அவ்வளவுதான்.

பாம்பன்பொண்ணு | ஞாயிறு, மதியம் 1:40

நான் பாம்பன்காரி. இருபது வருஷமாக வடபழனியில் குடித்தனம். ஆஸ்திரேலியா எனக்குத் தெரியாது, எங்கள் வீட்டுச் சுவர் தெரியும்.

எங்கள் தாத்தா வீட்டின் பின்கட்டுச் சுவர் முழுக்கக் கடலிலிருந்து எடுத்த கல். சுண்ணாம்புப் பூச்சு உதிர்ந்த இடத்தில் உற்றுப் பார்த்தால் கல்லில் பூப்பூவாக இருக்கும், ஒவ்வொரு பூவிலும் நடுவில் குழி, சுற்றி ஊசி மாதிரிக் கோடுகள். சின்ன வயதில் அந்தக் குழியில் அரிசி வைத்து எறும்பு வருகிறதா என்று பார்ப்போம். அது பவளம் என்று எனக்குத் தெரிந்ததே சென்னைக்குக் கல்லூரி படிக்க வந்த பிறகுதான். தனுஷ்கோடியில் இடிந்து நிற்கிற தேவாலயத்துக்குப் போனவர்கள் கவனித்திருப்பீர்கள், அந்தச் சுவரும் அதே கல்தான்.

தாத்தாவுக்குக் கல் எடுப்பதுதான் தொழில். வத்தையில் போய், கடப்பாரையால் பெயர்த்து, சுண்ணாம்புக் காளவாசலுக்கும் தொழிற்சாலைகளுக்கும் போகும். அவரைக் குற்றவாளி என்று யாரும் அப்போது சொல்லவில்லை, பணம் கொடுத்து வாங்கினார்கள். 2001-ல் பவளத்தை வனவிலங்குச் சட்டத்தில் முதல் அட்டவணையில் சேர்த்தார்கள், புலிக்குச் சமம். அதற்கப்புறமும் கொஞ்சநாள் ஓடி, சுனாமி வந்த சமயத்தில்தான் ஓய்ந்தது. அதற்குள் எங்கள் மன்னார் வளைகுடாவின் இருபத்தொரு தீவில் இரண்டு, பூவரசன்பட்டியும் விலாங்குசல்லியும், தண்ணீருக்குள் போய்விட்டன. முன்னால் இருந்த பாறையைப் பெயர்த்தால் அலையைத் தடுக்க யார் இருக்கிறார்?

ஆகையால் என்ஜினியர் ஐயா சொல்வதில் எனக்கு உடன்பாடு உண்டு. எங்கள் கடலைக் கெடுத்ததில் எங்கள் கையும் இருக்கிறது. ஆனால் கல் எடுப்பது நின்று பத்து வருஷம் கழித்து 2016 கோடையில் எங்கள் சித்தப்பா சங்கு குளிக்கப் போய்விட்டு வந்து சொன்னது (பார் என்றால் கடலடிப் பாறை): “பாரு பூரா வெளுத்துக் கிடக்கு, கொக்கு இறங்குன வயல் மாதிரி.” அந்த வருஷம் யார் கடப்பாரை போட்டது?

இன்னொன்று. 2019 ஆகஸ்ட்டில் ஒரு ராத்திரி திருவான்மியூர், பெசன்ட் நகரில் அலை நீலமாக மின்னுகிறது என்று சென்னையே திரண்டு போனதே, ஞாபகம் இருக்கிறதா? நானும் மகளைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். அழகுதான், பொய் சொல்லமாட்டேன். ஊருக்குப் போன் போட்டுச் சொன்னால் அம்மா, “அடியே, அது மினுங்கினா நல்லதுக்கில்ல” என்றாள். அடுத்த மாதமே எங்கள் பக்கம் பூங்கோரை வந்தது. கடல் பச்சைச் சாயம் கரைத்த மாதிரி. மூச்சுக்காற்றுப் போதாமல் மீன் செத்து ஒதுங்கியது, சிங்கில் தீவுப் பக்கம் பவளமும் செத்தது.

கடல்குதிரை | ஞாயிறு, மதியம் 2:25

அக்கா சொன்னதற்கு ஒரு அடிக்குறிப்பு. இரண்டு இடத்திலும் பார்த்தது நாக்டிலூக்கா என்கிற நுண்ணுயிர்தான். இதற்குச் சூடு மட்டுமே காரணம் என்று நான் சொல்லமாட்டேன், கடலில் கலக்கிற சத்துக்கழிவும் சேர்ந்துதான்.

2016 பற்றி எண் இருக்கிறது. மன்னார் வளைகுடாவில் உயிருள்ள பவளப் பரப்பு 38.9 சதவீதத்திலிருந்து 22.7-க்கு இறங்கியது. ஒரே கோடை. அங்கே பவளம் பெரும்பாலும் ஒன்றிரண்டு ஆள் ஆழத்துக்குள்தான், வெயில் நேராக இறங்கும்.

காசிமேட்டான் | ஞாயிறு, இரவு 8:30

எல்லாரும் பவளம் பவளம் என்று உருகுகிறீர்கள். எங்கள் சென்னைக் கடலில் பவளத் தீவு கிடையாது. மழைத் தண்ணீரும் சேறும் கலங்கின கடல், அது வளராது. ஆனால் எங்களுக்கும் பார் உண்டு. கரையில் கோபுரம், கலங்கரை விளக்கம், ஆலைப் புகைக்கூண்டு இவற்றை ஒன்றுக்கு நேராக ஒன்று வைத்து எங்கள் அப்பா பார் பிடிப்பார். ஜிபிஎஸ் எல்லாம் அப்புறம் வந்தது. கல் இருந்தால் பாசி, பாசி இருந்தால் சின்ன மீன், அதற்குப் பின்னால் கலவா வரும். அரசாங்கமும் சிமென்ட் வளையம், முக்கோணம் எல்லாம் கொண்டுவந்து இறக்கிச் செயற்கைப் பார் போட்டிருக்கிறது.

எனக்கு இந்த ‘காலநிலை மாற்றம்’ என்ற வார்த்தையே எரிச்சல். ஏன் என்று சொல்கிறேன். எண்ணூர் முகத்துவாரத்தில் சாம்பல் வண்டலாக இறங்கி, காலை வைத்தால் முழங்கால் வரை போகிறது. சுடுதண்ணீர் வருகிறது. இறால் கையால் தடவிப் பிடித்த இடம் அது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து படிந்தது, என் மச்சான் வலை மொத்தமும் தாரில் முக்கின மாதிரி. பிறகு ஒரு கூட்டத்துக்குக் கூப்பிட்டார்கள். ஏசி ஹால், டீ, சமோசா. ஒரு அதிகாரி மீன் குறைவதற்குக் கடல் சூடாவது காரணம் என்று படம் போட்டுக் காட்டினார். சாம்பல் பற்றி ஒரு படம்கூட இல்லை. ‘சார், சாம்பல்?’ என்றேன். ‘அது வேறு துறை’ என்றார்.

ரிட்டயர்டு_என்ஜினியர் | ஞாயிறு, இரவு 9:10

தம்பி, இதைத்தான் நான் காலையிலிருந்து கத்துகிறேன்! கழிவைத் தடுங்கள், இழுவை மடியைத் தடுங்கள், கடல் தானாகத் தேறும். கார்பன் கதை எல்லாம் அப்புறம்.

காசிமேட்டான் | ஞாயிறு, இரவு 9:22

ஐயா, அந்தச் சாம்பல் எதை எரித்த சாம்பல்?

சும்மாபார்ப்பவன் | ஞாயிறு, இரவு 9:23

🔥

கடல்குதிரை | ஞாயிறு, இரவு 10:05

காசிமேட்டு அண்ணன் ஒரே வரியில் முடித்துவிட்டார். இருந்தாலும் ‘உள்ளூரைச் சரிசெய்தால் தானாகத் தேறும்’ என்பதற்கு ஒரு பதில் பாக்கி இருக்கிறது.

2016-ல் கிரேட் பேரியர் ரீஃபில் மோசமாக அடிபட்டது நகரங்களுக்குப் பக்கத்தில் இருந்த தெற்குப் பகுதி இல்லை. மனுஷ நடமாட்டமே குறைவான, தெளிந்த தண்ணீர் உள்ள வடகோடிதான். பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தபோது, தண்ணீர் சுத்தமாக இருந்ததும் மீன்பிடி தடுக்கப்பட்டதும் வெளுப்பின் கடுமையைக் கிட்டத்தட்டக் குறைக்கவே இல்லை. சூடு யார் நல்லவர் என்று பார்த்து வருவதில்லை. 2023 தொடங்கி 2025 மார்ச் வரை உலகப் பவளப் பரப்பில் 84 சதவீதம் வெளுக்கும் அளவு சூட்டைச் சந்தித்திருக்கிறது. லட்சத்தீவில் என்ன பெரிய தொழிற்சாலை இருக்கிறது? அங்கே 1998, 2010, 2016, 2024 என்று நாலு தடவை.

உள்ளூர் வேலை எதற்கு உதவும் என்றால், அடிபட்ட பிறகு எழுந்திருப்பதற்கு. செத்த பவளத்தின் மேல் பாசி மண்டாமல் மேய்ந்து கொடுக்கக் கிளி மீன் வேண்டும், குஞ்சுப் பவளம் ஒட்டச் சுத்தமான கல் வேண்டும். குருசடையில் என்ன ஆயிற்று என்று பாம்பன் அக்காவுக்குத் தெரியும். பிழைப்புக்காக வெளிநாட்டுக் கடற்பாசி கப்பாஃபைகஸ் வளர்க்கக் கொடுத்தார்கள், அது தப்பிப்போய்ப் பவளத்தின் மேல் போர்வை மாதிரிப் படர்ந்தது. இந்த மாதிரி இடத்தில் ஒரு கோடை வெளுத்தால் எழுந்திருக்க ஆள் இருக்காது. முன்பு இரண்டு வெளுப்புக்கு நடுவில் அதற்கு அவகாசம் இருந்தது. ஆஸ்திரேலியாவில் 2016, 2017, 2020, 2022, 2024 என்று எண்ணிப் பாருங்கள், அவகாசம் எங்கே?

பாம்பன்பொண்ணு | ஞாயிறு, இரவு 10:40

கப்பாஃபைகஸ் பற்றி மெதுவாகப் பேசுங்கள் தம்பி. அதில் கயிறு கட்டிப் பிள்ளைகளைப் படிக்க வைத்த பெண்கள் எங்கள் ஊரில் இருக்கிறார்கள். பாசி வேண்டாம் என்றால் அவர்களுக்கு வேறு என்ன என்பதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

கடல்குதிரை | ஞாயிறு, இரவு 10:48

சரி அக்கா. அது நியாயம்.

ரிட்டயர்டு_என்ஜினியர் | திங்கள், காலை 5:50

ராத்திரி தூக்கம் வரவில்லை. கார்பன்-13 விஷயத்தைத் தேடிப் படித்தேன். அது நன்றாக இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆவணம் என்றால் ஆவணம். உலகம் இன்னும் எத்தனை டிகிரி ஏறும் என்று கணினி சொல்வதை மட்டும் நான் நம்பத் தயாரில்லை. 1.5 டிகிரியில் 70 முதல் 90 சதவீதம் பவளம் போகும், 2 டிகிரியில் 99 சதவீதத்துக்கு மேல் என்று ஐ.நா.வின் காலநிலை அறிவியல் குழுவான ஐபிசிசி 2018-ல் எழுதியிருக்கிறது. 99 என்று அவ்வளவு துல்லியமாகச் சொல்பவரைக் கண்டாலே எனக்குக் கை அரிக்கும். எங்கள் ஆலையில் 99 என்று எழுதியவன் எல்லாம் சரியாக அளக்காதவன்.

காசிமேட்டுத் தம்பி கேட்ட கேள்விக்கு: நான் எரித்த நிலக்கரிதான். எண்ணூரில் இல்லை, வேறு ஊர். ஆனால் அதே நிலக்கரி.

வேளச்சேரிவாசி | திங்கள், இரவு 9:05

எல்லோருக்கும் நன்றி. குழுவில் போட்டது இதுதான், நீளமாக எழுதினால் யாரும் படிக்கமாட்டார்கள் என்பதால் மூன்றே வரி:

“மாமா, நீங்கள் அனுப்பிய எண் சரி, ஆனால் அது 2022 எண். 2025-ல் அதே ஆட்கள் எடுத்த கணக்கில் வடக்கே 30, தெற்கே 26.9 சதவீதம். நம் ராமநாதபுரம் பக்கத்தில் 2016-ல் ஒரே கோடையில் 38.9 சதவீதம் 22.7 ஆனது, அதையும் எந்தத் தொலைக்காட்சியும் பெரிதாகக் காட்டவில்லை.”

செயலாளர் உடனே ‘லிஃப்ட் தவிர வேறு பேச வேண்டாம்’ என்று போட்டார். மாமா பதில் போடவில்லை. ஆனால் சாயங்காலம் படிக்கட்டில் பிடித்துக்கொண்டார் (லிஃப்ட் நின்றுவிட்டது). “நீ சொல்ற குருசடைக்கு எங்கேயிருந்து படகு? முட்டிவலிக்காரன் ஏறலாமா?”

பாம்பன்பொண்ணு | திங்கள், இரவு 9:30

குந்துகாலில் வனத்துறைப் படகு. ஏறும்போது கை கொடுப்பார்கள், பயமில்லை. பிப்ரவரி, மார்ச்சில் கூட்டிப் போங்கள், தண்ணீர் தெளிந்திருக்கும். மே மாதம் கச்சான் காற்று கிளம்பிவிட்டால் கலங்கிவிடும், ஒன்றும் தெரியாது.

ரிட்டயர்டு_என்ஜினியர் | திங்கள், இரவு 9:41

மார்ச் என்றால் நானும் வருகிறேன். கடல்குதிரையும் வரட்டும், எது அக்ரோபோரா எது போரைட்டஸ் என்று விரல் வைத்துக் காட்ட வேண்டும்.

கடல்குதிரை | திங்கள், இரவு 9:44

காட்டுகிறேன் சார். விரல் மட்டும் வைக்கக்கூடாது, முதல் அட்டவணை.